இரும்பு என்று எழுதிய இருபது நிமிடம்

புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் உங்களில் நான்கைந்து பேர் எனக்குப் படங்கள் அனுப்புகிறீர்கள். துருப்பிடித்த கருவி, பாதி எரிந்த இயந்திரம், முள் ஆடும் மீட்டர் பதித்த பழைய பெட்டி. கீழே ஒரே வரி: "சார், இது என்ன?"

நான் உடனே பதில் சொல்வதில்லை என்று உங்களுக்குள் குறைபட்டுக்கொள்வது என் காதுக்கு வந்தது. வீட்டில் சும்மா இருக்கும் மனிதர், படத்தைப் பார்த்துப் பெயரைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும் என்று ஒருவர் கேட்டாராம். இருபது நிமிடம் ஆகும். ஒருமுறை அவ்வளவுதான் ஆனது. அன்றிலிருந்து எந்தப் படம் வந்தாலும் இரண்டு நாள் மேஜையில் கிடக்கவிட்டு, எழுந்து போய், திரும்பி வந்து பார்க்கிறேன். அப்போதும் மனம் நிலைகொள்வதில்லை. ஏன் என்று எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முன்கதை கொஞ்சம் வேண்டும். நான் கோவில்பட்டியில் இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்தேன். தீயில், இடியில், வெள்ளத்தில் போன சாமான் என்ன, எப்படிப் போனது என்று பார்த்து எழுதித் தருவது வேலை. எங்கள் பக்கத்தில் பாதி இயந்திரங்கள் இரண்டு மூன்று கை மாறி வந்தவை. வைத்திருப்பவருக்கே அதன் பெயர் தெரியாது. எனக்கு அதில் ஒரு கிறுக்கு உண்டு. பழைய பேப்பர் கடைகளில் எடைக்கு வரும் வெளிநாட்டுக் கம்பெனிகளின் சாமான் பட்டியல்களை வாங்கிச் சேர்ப்பேன். ஒவ்வொன்றிலும் எந்தத் தேதியில் எந்தக் கடையில் கிடைத்தது என்று பென்சிலால் குறித்து வைப்பேன். படுக்கும்போதும் அதைத்தான் படிப்பேன்.

இது மதுரையில் இருந்த மேலதிகாரிகளுக்குத் தெரிந்து, வேறு ஊர்ச் சர்வேயர்கள் எடுத்த படங்களையும் எனக்கு அனுப்ப ஆரம்பித்தார்கள். நாகலாபுரத்தில் ஒரு வீட்டில் இடி விழுந்து கருகிய மரப்பெட்டியின் படம் வந்தது நினைவிருக்கிறது. முகப்பில் இரண்டு திருகு, ஒரு மீட்டர், இரண்டு பக்கமும் மடக்கு மடக்காக நீளும் கைகள், கைகளின் நுனியில் ஜால்ரா போல வட்டத் தட்டுகள். செத்துப்போன அப்பா மிலிட்டரியிலிருந்து கொண்டுவந்த வயர்லெஸ் என்று வீட்டார் சொன்னார்கள். பார்த்த சர்வேயரும் அப்படியே எழுதியிருந்தார். நான் படத்தில் பெட்டிக்கு அடியில் இருந்த நான்கு சிறு சக்கரங்களைப் பார்த்தேன். உள்ளே ரேடியோவில் இருக்கிற வால்வுதான் இருக்கும், ஆனால் வயர்லெஸ்ஸுக்குக் கட்டில் கட்டிலாக உருட்டிக்கொண்டு போக என்ன அவசியம்? மூட்டு வலிக்குச் சூடு கொடுக்கும் பழைய ஆஸ்பத்திரி மெஷின் என்று எழுதினேன். விசாரித்ததில் அப்பா மிலிட்டரி ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர்.

இப்படி ஏழெட்டு சரியாக அமைந்தன. படத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார் என்று பெயர் வந்தது. பெயர் வந்தபின் வேகம் கூடியது.

இனி சொல்லப்போவதற்கு ஆண்டு குறிப்பிட மாட்டேன். என் நாட்குறிப்பில் இருக்கிறது. அந்தக் குடும்பங்கள் இன்றும் அதே தெருவில் இருக்கின்றன. தொண்ணூறுகளின் முற்பாதி என்பதோடு விடுகிறேன். மற்றக் கணக்கைச் சரியாகச் சொல்கிறேன். ஆயுத பூசை முடிந்து முப்பத்து நான்காம் நாள், புதன்கிழமை, காலை பத்தரை மணி. பசுவந்தனைப் பக்கம் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் குச்சி முனைக்கு மருந்து கலக்கும் அறை தீப்பிடித்தது. எங்கள் பக்கத்தில் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். உள்ளே இரண்டு பேர் இருந்தார்கள். மாரியப்பன் என்ற இருபத்தாறு வயதுக்காரர் அங்கேயே இறந்தார். மருந்து கலப்பதில் மூத்தவரான சண்முகவேல் இரண்டு கைகளும் வெந்து பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போனார்.

மருந்து அறைக்குள் இரும்பு போகக்கூடாது. உரசினால் பொறி பறக்கும். மரம், பித்தளை, இவ்வளவுதான் அனுமதி. லைசென்ஸில் இருக்கிற விதி என்பது ஒரு பக்கம். அங்கே வேலை பார்க்கிற எவரானாலும் தாலிச் சரட்டில் கோத்த ஊக்கைக்கூடக் கழற்றி வைத்துவிட்டுத்தான் அந்த வாசலைத் தாண்டுவார்கள்.

மறுநாள் எடுத்த படங்களில் ஒன்றில், அறைக்கு வெளியே ஈரக் கரிசலில் ஒரு கருவி கிடந்தது. வெடித்த வேகத்தில் வாசல் வழியாக வந்து விழுந்திருக்கிறது. நீளமான மரக் கைப்பிடி, நுனியில் அரை நிலா வடிவத்தில் தகடு, தகட்டில் மூன்று துளைகள். போலீஸ் பட்டியலில் 'சுரண்டி ஒன்று' என்று இருந்தது; கலந்த மருந்தை வழித்தெடுப்பது அதால்தான். எதால் செய்தது என்று எழுதவில்லை. வெள்ளிக்கிழமை முதலாளி பயத்தில் இடிபாடு முழுவதையும் அள்ளிக் கம்மாய்க் கரையில் கொட்டச் செய்துவிட்டார். சனிக்கிழமை ஆள் போய்த் தேடியபோது சுரண்டியைக் காணவில்லை. மிஞ்சியது படம்தான்.

படம் எடுத்தவர் செல்வராஜ். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஸ்டூடியோ வைத்திருந்தார். கலர் பிலிமைக் கழுவ வெளியூருக்கு அனுப்ப வேண்டும் என்பதால், அவசரப் படங்களைக் கறுப்பு வெள்ளையில் எடுத்து அன்றைக்கே தன் இருட்டறையில் கழுவித் தந்துவிடுவார். அளவு தெரிவதற்காகச் சாமானுக்குப் பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை வைத்து எடுப்பது எங்கள் வழக்கம். அன்று அதை வெளியே எடுக்க மனம் வராமல் தன் பேனாவை வைத்து எடுத்திருந்தார்.

விபத்தை விசாரித்த சர்வேயர் வேறு ஒருவர். என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். அடுத்த செவ்வாய்க்கிழமை மதுரையிலிருந்து உறை வந்தது. 'இது என்ன கருவி? இரும்பா, பித்தளையா?'

பூதக்கண்ணாடியை வைத்தேன். தகட்டின் மேல் ஓரத்தில் ஆங்கில எழுத்துகள் மேடாகத் தெரிந்தன. பாதி அழிந்திருந்தாலும் கம்பெனிப் பெயர் பிடிபட்டது. எழுந்து போய் அந்தக் கம்பெனியின் சாமான் பட்டியலைப் புரட்டினேன். அதே அரை நிலா, அதே மூன்று துளைகள். பழைய நீராவி பாய்லரின் அடுப்பிலிருந்து சாம்பலை இழுக்கும் கருவி. சாம்பல் வாரி என்பார்கள். வார்ப்பிரும்பில் மட்டும் செய்யப்பட்டது என்று பட்டியலில் இருந்தது. எழுதினேன்: 'சாம்பல் வாரி. இரும்பு.' அத்தோடு நிறுத்தவில்லை. தகடு படத்தில் வெளுப்பாகத் தெரிகிறது, பித்தளையாக இருந்தால் கறுப்பு வெள்ளைப் படத்தில் இன்னும் இருண்டு தெரியும் என்று ஒரு வரி சேர்த்தேன். கீழ் விளிம்பு மட்டும் கறுத்திருந்தது. அதைத் தேய்மானம் என்று எடுத்துக்கொண்டேன். இருபது நிமிடம். உறையை ஒட்டிவிட்டுக் காபி குடிக்கப் போனேன்.

சனிக்கிழமை காலை ஸ்டூடியோவிலிருந்து ஆள் வந்தது, உடனே வரச் சொல்லி. போனேன். உள்ளே பெஞ்சில் ஒரு பெண் தூக்குச் சட்டியோடு உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி. முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும்.

"சண்முகவேல் வீட்டுக்காரி, பேரு பேச்சியம்மா. இவளும் அந்த ஆபீஸ்லதான் வேல பாக்கா," என்றார் செல்வராஜ். "மூணு நாளா என்னையப் போட்டு உலுக்குதா அண்ணாச்சி. படம் எடுத்தது நான், எழுதுனது அவியன்னு சொல்லிட்டேன். இனி ஒங்க பாடு."

பேச்சியம்மாள் எழுந்திருக்கவில்லை.

"நீங்கதான் இரும்புன்னு எழுதுனவியளா?"

"ஆமாம்மா."

"தொட்டுப் பாத்தியளா?"

"படத்த எப்படிம்மா தொட்டுப் பாக்க?"

"அப்பம் எப்படித் தெரியும்?"

பட்டியலை நான் கையோடு கொண்டுபோயிருந்தேன். விரித்துக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எங்களதேதான். இதே மூணு ஓட்ட. ஆனா எங்களது பித்தளை."

"இந்த எழுத்துப் போட்டு வந்ததெல்லாம் இரும்புதாம்மா."

"சார், ஆயுத பூசைக்கு முந்தின நாள் நாந்தான் அத விளக்குனேன். புளி போட்டு விளக்குனேன். இரும்பயா புளி போட்டு விளக்குவாவ? விளக்கி முடிச்சா மஞ்ச மஞ்சேருன்னு இருந்துச்சு. பெறகு மொதலாளி வெள்ளிப் பெயிண்டு டப்பா வாங்கியாந்து எல்லாச் சாமானுக்கும் அடிங்கன்னாவ. அதுக்கும் அடிச்சேன்."

ஆயுத பூசைக்குச் சாமான்களுக்குப் பெயிண்ட் அடிப்பது எங்கள் பக்கத்தில் எல்லாத் தொழிற்சாலையிலும் உள்ளது. திருகு சாவி முதல் தண்ணீர் பம்பு வரை பளபளவென்று ஆக்கி, சந்தனம் குங்குமம் வைத்து வரிசையாக அடுக்குவோம். நானே என் அளவு நாடாப் பெட்டிக்கு அடித்திருக்கிறேன். படத்தில் தகடு ஏன் வெளுப்பாக இருக்கிறது என்று கண்ணாடி வைத்து யோசித்த நேரத்தில் அது நினைவுக்கு வரவில்லை. விபத்து நடந்த தேதியை எழுதினேன், படம் எடுத்த தேதியை எழுதினேன். அதற்கு முந்தின மாதம் ஒரு ஆயுத பூசை வந்து போனதை எண்ணிப் பார்க்கவில்லை. தேதி குறிப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று நினைத்திருந்தவன்.

"அவிய ரெண்டு கையும் கட்டுப் போட்டுக் கெடக்காவ. எந்திரிச்சு வந்தா போலீசு கூட்டிட்டுப் போகும்ங்காவ. அதுகூடப் போகட்டும். மாரியப்பன் ஆத்தா தெனமும் விடிஞ்சதும் எங்க வாசல்ல வந்து மண்ண வாரித் தூத்திட்டுப் போறா. எம்புள்ள உள்ள இருக்கும்போது இரும்ப எடுத்துட்டுப் போனானே பாவின்னு. அவளையும் நான் என்ன சொல்ல? எழுதியே வந்திட்டுங்காவ எல்லாரும்."

என் எழுத்து அவர்கள் தெருவுக்கே போய்விட்டது. உறையை ஒட்டி நான்கு நாள்தான் ஆகியிருந்தது.

மதுரையில் திங்கட்கிழமை அந்தக் கோப்பை முடிக்கப் போகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அதன் நகல் போலீசுக்கும் போகும். ஒரு பெண் வந்து அழுதார், அதனால் பித்தளை என்று மாற்றி எழுத முடியாது. அந்தக் கம்பெனிக் கருவி பித்தளையில் எப்படி வரும் என்று கேட்பார்கள்.

"இது ஒங்க ஆபீஸுக்கு எங்கேருந்து வந்துச்சும்மா?"

"அது நான் வாக்கப்பட்டு வருததுக்கு முன்னமே இருக்கு. எட்டயபுரம் ரோட்டுல பருத்தி அரைக்கிற ஒரு பழைய ஜின்னிங் பாக்டரி இருக்குல்லா, அங்கேருந்து மாதிரிக்கு வாங்குனதா அவிய சொல்லுவாவ."

மாதிரிக்கு. அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு செல்வராஜின் மொபெட்டில் ஏறினேன். பேச்சியம்மாள் ஞாயிறு மாலை வருவதாகச் சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

மழை விட்டிருந்தது. பாக்டரி ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே. கரிசல் சக்கரத்தில் அப்பி மொபெட் நின்றுவிட, தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்தோம். பத்து வருஷமாகப் பூட்டிக் கிடக்கிற இடம். வாட்ச்மேன் கயிற்றுக் கட்டிலில் இருந்தபடியே கேட்டார்:

"என்ன, மில்ல வாங்க வந்தியளா? பாம்போட சேத்து எடுத்துக்கோங்க."

"பாய்லர் ரூம் பாக்கணும் அண்ணாச்சி," என்றார் செல்வராஜ்.

"அங்கனதான் பெரிசு கெடக்கு. முன்னால போங்க, நான் பின்னால வாரேன்."

பாய்லர் இல்லை, எப்போதோ விற்றுவிட்டார்கள். சுவரில் ஆணிகளில் திருகு சாவிகள், சம்மட்டி, ஒரு கிழிந்த தோல் வார். கடைசி ஆணியில் சாம்பல் வாரி தொங்கியது.

படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அரை நிலாவின் இடது மூலை ஒடிந்திருந்தது. படத்திலும் இடது மூலை ஒடிந்திருந்தது, அதே சாய்வில். நடுத் துளையிலிருந்து ஒரு விரிசல் மேல்நோக்கிப் போய் வலப்பக்கம் வளைந்தது. படத்திலும் ஒரு கோடு அப்படியே போய் அப்படியே வளைந்தது.

"என்ன அண்ணாச்சி இது?" என்றார் செல்வராஜ். குரல் இறங்கிவிட்டது. "அங்க தீயில கெடந்தத நான்லா படம் எடுத்தேன். இங்க எப்படித் தொங்குது?"

பையிலிருந்த காந்தத்தை வைத்தேன். டக்கென்று ஒட்டியது. இரும்பு. நான் எழுதிய இரும்பு இங்கே ஆணியில் தொங்குகிறது. அப்படியென்றால் பசுவந்தனையில் கிடந்தது இதன் பிரதி. ஒடிந்த மூலை, விரிசல், கம்பெனி எழுத்து எல்லாவற்றோடும் மண்ணில் பதித்து வார்த்தெடுத்த பிரதி. கண்ணாடியை வைத்து மறுபடி பார்த்தேன். ஆணியில் தொங்கியதில் விரிசல் தகட்டைத் துளைத்துக்கொண்டு போனது, அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரிந்தது. படத்தில் அது மேலே கீறிய கோடு, அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமையும் இதே படத்தை இதே கண்ணாடியில்தான் பார்த்தேன்.

"இத மாதிரிக்கு வாங்கிட்டுப் போனது யாருன்னு ஞாபகம் இருக்கா?" என்று வாட்ச்மேனைக் கேட்டேன்.

"தீப்பெட்டி ஆபீஸ்காரவிய ஒரு தடவ வாங்கிட்டுப் போனாவ. கோயில்பட்டியில பாத்திரம் வாக்குறவர்ட்ட குடுத்து இதே மாதிரி ஒண்ணு செய்யணும்னாவ. நாலு நாள்ல திருப்பித் தந்துட்டாவ. சும்மா சொல்லப்படாது, வெத்தலைக்கும் சில்லறை தந்தாவ."

ஞாயிறு காலை பித்தளைப் பாத்திரம் வார்ப்பவரைப் பிடித்தோம். மெலிந்த மனிதர், காதில் கொஞ்சம் மந்தம். படத்தைக் கையில் வாங்கித் தூரப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"நம்ம சரக்குதான். பரிசோதனைக்கு ஆபீசர் வாராருன்னு அவசரப்படுத்துனாவ. மூலைய நெரப்பி, விரிசல அடைச்சுத் தாரேன்னேன். ஒண்ணும் வேண்டாம், இருக்கபடியே வாத்துக் குடுங்கன்னாவ."

"இங்கிலீஷ் எழுத்த ஏன் விட்டிய?"

"எழுத்து இருந்தாத்தான கம்பெனிச் சாமான்னு மதிப்பாவ?" என்றார். என்னைக் குத்திச் சொன்னதல்ல. எனக்குக் குத்தியது.

பித்தளையில் வார்த்தது தான்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். ஜின்னிங் பாக்டரிச் சாம்பல் வாரியையும் செல்வராஜ் படம் எடுத்திருந்தார். இரண்டையும் ஒரே அளவில் பெரிதாக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மதுரையில் யாரும் மறுக்க முடியாது. நிம்மதியாக இருந்தது. இருட்டறையில், சிவப்பு வெளிச்சத்தில், பெரிதாக்கிய படம் தட்டுத் தண்ணீரில் மெல்லத் துலங்கி வரும்வரை அந்த நிம்மதி இருந்தது.

கரிசலின் கறுப்பில் தகடு வெள்ளையாகக் கிடந்தது. கீழ் விளிம்பில் மட்டும் இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளை இல்லை. அரை நிலாவைச் சுற்றி ஒரே சீராக இருண்டு ஓடியது.

"ஓரத்தப் பாரு செல்வராஜ்."

"பாத்தாச்சு. பெயிண்டு போயி பித்தள தெரியுது. நல்லதுதான? இது ஒரு சாட்சி."

"பெயிண்டு எங்க போச்சு?"

"எங்க போகும், முப்பது நாளாச் சுரண்டியிருக்காவ, தேஞ்சு..." அவர் நிறுத்திவிட்டார்.

தேய்ந்தது எல்லாம் மருந்துக்குள்தான் போயிருக்கும். வெள்ளிப் பெயிண்ட் என்பது அலுமினியப் பொடி. சிவகாசிப் பக்கம் பட்டாசு வெடிப்பதற்காகச் சேர்க்கிற அதே பொடி. செல்வராஜின் மைத்துனர் பட்டாசு ஆலையில் இருந்தார்.

"அந்தப் பொடி கலக்குற ரூமுக்குள்ள எங்க மச்சான் மூச்சக்கூட சத்தமா விடமாட்டான்," என்றார் செல்வராஜ். படத்தைத் தட்டிலிருந்து எடுத்துக்கொண்டே, "அண்ணாச்சி, ஒங்கள்ட்ட கேட்டது என்ன? இரும்பா பித்தளையா. பித்தளைன்னு எழுதுங்க, முடிஞ்சு போச்சு. பெயிண்ட யாரு கேட்டா?"

"அதனாலதான் பத்துச்சுன்னு என்னாலயும் சொல்ல முடியாது."

"பெறகு என்ன? தெரியாதத எழுதப்போறியளா? அந்தப் பிள்ள நாலு மணிக்கு வந்து நிப்பா. அவகிட்ட என்ன சொல்லுவிய?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. தீக்கு நூறு காரணம் இருக்கலாம். ஒரு மணல் துகள் போதும், வெயில் போதும், கொஞ்சம் அழுத்திச் சுரண்டினால் போதும். ஒரு மாதத்தில் தேய்ந்த பெயிண்ட் அன்றைய கலவையில் எவ்வளவு இருந்தது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அடுத்த ஆயுத பூசைக்கு இந்தச் சுற்றுவட்டாரத்தில் எத்தனை மருந்து அறைச் சாமான்களுக்குப் பெயிண்ட் அடிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். எல்லாவற்றுக்கும்.

நாலு மணிக்குப் பேச்சியம்மாள் வந்தார். இரண்டு படங்களையும் ஈரத்தோடு காட்டி, பித்தளை என்று நிரூபணம் ஆகிவிட்டது என்று சொன்னேன். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தூக்குச் சட்டியைத் திறந்து, ஆஸ்பத்திரியில் மிஞ்சிய ஆரஞ்சுப் பழங்களை எடுத்துச் செல்வராஜ் கையில் ஒன்று, என் கையில் ஒன்று வைத்தார்.

"ஓரத்துக்கும் பெயிண்டு அடிச்சியாம்மா?" என்று கேட்டேன்.

"எல்லா எடத்துக்கும். ரெண்டு கோட்டு," என்றார். அதில் ஒரு பெருமை இருந்தது. நான் வேறெதுவும் சொல்லவில்லை.

அன்றே எழுதினேன். முதல் வரி, என் முந்தைய அறிக்கை தவறு என்பது. இரண்டாவது, கருவி பித்தளை, ஆதாரங்கள் இணைப்பு. மூன்றாவது, அதன்மேல் வெள்ளிப் பெயிண்ட் இருந்தது, பூசை வழக்கப்படி நிர்வாகம் வாங்கிக் கொடுத்து அடிக்கச் சொன்னது, உரசும் விளிம்பில் அது முழுக்கத் தேய்ந்திருக்கிறது, தீக்கு இது காரணமா என்று என்னால் சொல்ல இயலாது, எந்த மருந்து அறையிலும் இனி இது கூடாது என்பது. திங்கட்கிழமை காலை எஸ்.டி.டி. பூத் திறந்ததும் மதுரைக்குப் பேசினேன். முதல் அறிக்கை கோப்பில் ஏறிவிட்டது என்று அதிகாரி சலித்துக்கொண்டார். இறக்கிவிடுங்கள் என்றேன். முழுவதையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

"பெயிண்ட் அடிச்சது யார்?"

"வழக்கம் சார்."

"வழக்கத்துக்குப் பேர் கிடையாதா?"

"இந்தத் தாலுகா முழுக்க அடிக்காங்க. எழுதினா எல்லார் பேரையும் எழுதணும். எம்பேரும் வரும்."

பூத் மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. "அனுப்புங்க," என்று வைத்துவிட்டார்.

பெயரை நான் மறைத்தேன் என்று உங்களில் சிலர் நினைப்பீர்கள். மறைத்தேன். ஒரு பொருளைப் பற்றிக் கேட்டார்கள், பொருளைப் பற்றித் தெரிந்த எல்லாவற்றையும் எழுதினேன். அதற்கு அப்பால் ஒரு பெண்ணின் பெயரை வைக்க அந்தத் தாளில் இடம் இல்லை என்று முடிவு செய்தேன். அது சரியா என்று இன்றும் எனக்குள் வாதம் ஓய்ந்தபாடில்லை. நீங்கள் வேறு மாதிரி முடிவு செய்யலாம். இருபது நிமிடத்தில் செய்யாதீர்கள்.

சண்முகவேல் மேல் வழக்கு இல்லை. என் அறிக்கையின் நகலை ஆபீஸ் கணக்கர் கொண்டுபோய் மாரியப்பனின் தாயாருக்கு வாசித்துக் காட்டினாராம். பித்தளை என்ற வரி வரைக்கும் வாசித்தார் என்று கேள்விப்பட்டேன். அதன்பின் அந்த வாசலில் மண் விழவில்லை. சண்முகவேலுக்கு விரல்கள் முழுதாகத் திரும்பவில்லை. வேறு ஒரு ஆபீஸில் கேட் காவலுக்குச் சேர்ந்தார்.

அடுத்த வருஷம் ஆயுத பூசைக்கு முந்தைய நாள் அந்த ஆபீஸுக்குப் போனேன். போகவேண்டிய வேலை ஒன்றும் இல்லை. மருந்து அறையைப் புதிதாகக் கட்டியிருந்தார்கள். சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது: மருந்து அறைச் சாமான்களுக்குப் பெயிண்ட் பூசக்கூடாது. வெளியே மரத்தடியில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து சாமான் விளக்கிக்கொண்டிருந்தார்கள். பேச்சியம்மாள் சந்தனக் கிண்ணத்தோடு எழுந்து வந்தார்.

"பெயிண்டு ஏன் சார் கூடாது?"

மற்றவர்களுக்குக் கேட்காத தூரம் வந்துவிட்டுத்தான் கேட்டார். வாடை ஆகாது, புது விதி என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் போனேன். ஆனால் அவர் நின்ற விதத்தில், இந்தக் கேள்வியைப் பல நாள் வைத்துக்கொண்டிருந்தது தெரிந்தது. உள்ளதைச் சொன்னேன். பெயிண்டில் என்ன இருக்கிறது, அது எங்கே தேய்ந்தது, அதனாலும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்று.

அவர் கிண்ணத்தில் இருந்த சந்தனத்தை விரலால் குழைத்துக்கொண்டே இருந்தார்.

"மாரியப்பன் ஆத்தாட்ட நாஞ் சொல்லணுமா?"

"உறுதியாத் தெரியாத விஷயம்மா. நானே உறுதியாச் சொல்லல."

"இரும்புன்னு எழுதும்போது ஒங்களுக்கு உறுதியாத்தான இருந்துச்சு?"

கேட்டுவிட்டு அவர் திரும்பிப் போய், புதிய பித்தளைச் சுரண்டியை மடியில் வைத்துக்கொண்டு, விளிம்பில் படாமல் கைப்பிடியில் மட்டும் பொட்டு வைக்க ஆரம்பித்தார்.